முதலில் சுண்ணாம்பு, அப்புறம் சாணம்: மார்த்தாண்டம் பக்கத்து வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு பதில்

உங்கள் கேள்வி இதுதான்: கோயம்புத்தூரிலிருந்து கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வந்து மார்த்தாண்டம் பக்கம் பத்து சென்ட் வாங்கி வீடு கட்டியிருக்கிறீர்கள். ஆறு தென்னை நிற்கிறது. இரண்டு லோடு சாணம் போட்டு, நல்ல நாற்று வாங்கி வைகாசியில் கத்தரியும் தக்காளியும் நட்டீர்கள். ஆனியில் மழை பிடித்ததும், மண்ணில் ஈரம் இருக்கும்போதே, காய்க்கிற செடிகள் ஒவ்வொன்றாக ஒரே நாளில் தொங்கிப்போயின. பாகலில் காய்த்ததெல்லாம் உள்ளே புழு. இந்த நிழலிலும் மழையிலும் என்னதான் வரும், எதை எப்போது நடுவது என்று கேட்கிறீர்கள்.

உங்களிடம் தவறு என்று பெரிதாக எதுவும் இல்லை. கோவையில் கற்றுக்கொண்ட முறையை இங்கே செய்திருக்கிறீர்கள். இந்த மண் வேறு, மழை வேறு. திருவட்டாறு பக்கம் பன்னிரண்டு சென்டில் முப்பது வருடமாக நான் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கத்தரி. இன்னும் வாடிக்கொண்டிருக்கிற செடி ஏதாவது இருந்தால் இன்றைக்கே ஒரு சோதனை செய்து பாருங்கள். செடியைப் பிடுங்கி, தரையிலிருந்து நாலு விரல் மேலே தண்டைக் கூரான கத்தியால் வெட்டுங்கள். வெட்டிய துண்டை, முனை நீரில் தொடும்படி ஒரு கண்ணாடி டம்ளர் தெளிந்த தண்ணீரில் தொங்கவிடுங்கள். டம்ளரை அசைக்காமல், பின்னால் ஏதாவது கறுப்பாக வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். வெட்டுவாயிலிருந்து பால் போல, புகை போல, மெல்லிய வெள்ளை நூல் ஒன்று கீழே இறங்கினால் அது பாக்டீரியா வாடல் நோய். அந்த வெள்ளை நூல் முழுக்கக் கிருமிதான். செடியின் நீர்க்குழாய்களை அது அடைத்துக்கொள்வதால்தான் காலடியில் தண்ணீர் நின்றாலும் மேலே இலை தொங்குகிறது. இலை பச்சையாகவே தொங்கும், மஞ்சளாகாது. அதுவும் ஓர் அடையாளம். நீங்கள் சொன்ன விதத்தைப் பார்த்தால் இதுவாகத்தான் இருக்கும்.

இதற்கு மருந்து தேடிக் கடைகடையாக அலைய வேண்டாம். செடிக்குள் கிருமி போன பிறகு அதைக் காப்பாற்ற வழியில்லை. வேரோடு, வேரைச் சுற்றிய மண்ணோடு அள்ளி ஒரு சாக்கில் போட்டு வெளியேற்றுங்கள். குப்பைக்குழியில் போடாதீர்கள். செடியைப் பிடுங்கிய குழியில் கொஞ்சம் நீற்றுச் சுண்ணாம்பைக் கொட்டி மூடுங்கள். வாடிய செடியின் காலடியிலிருந்து தண்ணீர் அடுத்த செடிக்கு ஓடாதபடி வரப்பை உடைத்துத் திருப்பிவிடுங்கள், ஏனென்றால் நோய் நகர்வது பெரும்பாலும் அந்தத் தண்ணீரில்தான். மம்பட்டியையும் கழுவி வெயிலில் வையுங்கள். அந்த இடத்தில் இரண்டு மூன்று வருடம் கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றையும் நடக்கூடாது. மூன்றும் ஒரே குடும்பம். பயத்தங்காய் (காராமணி), வெண்டை, கீரை போடலாம்.

இப்போது ஏன் வந்தது என்பதற்கு வருகிறேன். சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம் இதுதான்.

விளவங்கோடு, கல்குளம் வட்டாரத்து மேட்டு மண் பெரும்பாலும் சரல் கலந்த செம்மண். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் துலாவர்ஷம் என்கிற வடகிழக்குப் பருவமழையும் இரண்டு பக்கமிருந்தும் பெய்து பெய்து, மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் பொட்டாசியத்தையும் கரைத்துக்கொண்டு போய்விடும். இரும்பும் அலுமினியமும் கரையாமல் தங்கும். மண் சிவந்து கிடப்பதும் அதனால்தான், புளித்துக் கிடப்பதும் அதனால்தான். கார அமில நிலை 5.5க்குக் கீழே போனால் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர்நுனியைச் சுடும். வேர் நீளாமல் தடித்துக் குட்டையாக நின்றுவிடும். நீங்கள் போடுகிற மணிச்சத்தை (பாஸ்பரஸ்) இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்படிப் பலவீனமான வேர், புளித்த மண், சூடு, ஈரம் எல்லாம் ஒன்றுசேர்ந்த இடம்தான் அந்தக் கிருமிக்குத் தோதான இடம். இரண்டு லோடு சாணம் போட்டும் பலன் இல்லாமல் போனதற்குக் காரணம் சாணம் அல்ல. சாணத்துக்கு முன்னால் செய்ய வேண்டிய ஒன்று விட்டுப்போனது.

என் சிறு வயதில் யாரும் கடையில் சுண்ணாம்பு வாங்கித் தோட்டத்துக்குப் போட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் எங்கள் அம்மச்சி தினமும் காலையில் அடுப்பை வாரும்போது ஒரு சிரட்டைச் சாம்பலை என் கையில் கொடுத்து, "மக்களே, இத வழுதலங்கா மூட்டுல போட்டுட்டு வா" என்பாள். வழுதலங்காய் என்றால் இங்கே கத்தரி, மூடு என்றால் செடியின் அடி. விறகுச் சாம்பலில் சுண்ணாம்புச் சத்தும் பொட்டாசியமும் நிறைய உண்டு, புளிப்பையும் முறிக்கும். இந்த மண் எவற்றையெல்லாம் மழையில் இழக்கிறதோ அவற்றையே அந்தச் சிரட்டை திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. வருடம் முழுவதும், நாள் தவறாமல். அப்புறம் கேஸ் அடுப்பு வந்தது. வீட்டுப் பெண்களுக்குப் புகை போனது, அது நல்லதுதான், வேண்டியதுதான். ஆனால் தோட்டத்துக்குச் சாம்பல் நின்றதை யாரும் கவனிக்கவில்லை. "முன்னெல்லாம் சும்மா போட்டாலே காய்க்கும், இப்போது மண் கெட்டுப்போச்சு" என்று பெரியவர்கள் சொல்வதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆகவே சுண்ணாம்பு. கேரள வேளாண் பல்கலைக்கழகம் இதே மாதிரி மண்ணுக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு ஹெக்டேருக்கு 600 கிலோ. நம் கணக்கில் சென்டுக்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ. நீங்கள் காய்கறிக்கு ஒதுக்கியது இரண்டு சென்ட் என்றால் ஐந்து கிலோ போதும். மண் ஈரமாக இருக்கும்போது தூவி, அரை அடி ஆழத்துக்குக் கொத்திக் கலந்துவிட்டு, இரண்டு வாரம் சும்மா விடுங்கள். அதற்குப் பிறகுதான் சாணமோ கோழி எருவோ. இரண்டையும் ஒரே நாளில் போடாதீர்கள். ஒருமுறை அவசரத்தில் நான் கோழி எருவோடு சேர்த்தே சுண்ணாம்பைக் கலந்தேன். கண்ணைக் கரிக்கிற நெடி வந்தது. எருவிலிருந்த தழைச்சத்து (நைட்ரஜன்) அமோனியாவாகக் காற்றில் போனதுதான் அந்த நெடி. அந்தப் போகம் கீரை வெளிறித்தான் வந்தது.

டோலமைட் கிடைத்தால் இன்னும் நல்லது, அதில் மக்னீசியமும் சேர்ந்திருக்கும். தென்னையின் அடியோலைகள் ஓரத்தில் மஞ்சளித்து நடுவில் மட்டும் பச்சை நிற்கிறதென்றால் மக்னீசியம் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். விறகடுப்பு உள்ள உறவினர் வீட்டிலிருந்து சாம்பல் கிடைத்தால் விடாதீர்கள். குப்பையும் பிளாஸ்டிக்கும் எரித்த சாம்பல் மட்டும் வேண்டாம். எத்தனை போடுவது என்று சரியாகத் தெரிய வேண்டுமானால் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்துக்கு மண் கொடுங்கள். ஏழெட்டு இடத்தில் அரை அடி ஆழத்துக்கு V மாதிரி வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சீவி எடுத்து, எல்லாவற்றையும் கலந்து அரை கிலோ நிழலில் உலர்த்திக் கொண்டுபோக வேண்டும். சுண்ணாம்பு போடுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

சுண்ணாம்பு போட்டால் வாடல் அடியோடு போய்விடும் என்று சொல்லமாட்டேன். குறையும். மீதியை ரகத்தால் சமாளிக்க வேண்டும். இந்த நோயைத் தாங்குவதற்கென்றே கேரள வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட ரகங்கள் உண்டு: தக்காளியில் சக்தி, முக்தி, அனகா, கத்தரியில் சூர்யா, சுவேதா, ஹரிதா, மிளகாயில் உஜ்வலா, அனுக்ரஹா. கோவையில் நன்றாக வந்த கலப்பின நாற்று இங்கே நிற்காது, எல்லை தாண்டிக் கிடைக்கிற இந்த விதைகள் நிற்கும். இன்னொரு வழி, சுண்டைச் செடியின் வேரில் ஒட்டுக்கட்டிய கத்தரி, தக்காளி நாற்று. சுண்டைக்கு இந்த வாடல் வருவது மிக அபூர்வம். ஒட்டு நாற்று நடும்போது ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலேயே இருக்கவேண்டும். புதைந்தால் மேல்தண்டிலிருந்து வேர்விட்டு நோயை நேராக வாங்கிக்கொள்ளும். கீழிருந்து சுண்டைத் துளிர் வந்தால் கிள்ளிக்கொண்டே இருங்கள். ஓர் ஒட்டுக் கத்தரியை நன்றாகப் பார்த்துக்கொண்டால், கவாத்து செய்து செய்து ஒரு வருடத்துக்கு மேலும் பறிக்கலாம்.

சரி, காலம். ஆரல்வாய்மொழி, தோவாளை ஆட்கள் சொல்கிற பட்டத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே மாவட்டம்தான், ஒரு மணி நேரப் பயணம்தான். ஆனால் அங்கே கணவாய்க் காற்றும் காய்ச்சலும், இங்கே மலையோரத்து மழை. நமக்கு இரண்டு மழைக்கு நடுவிலும் பின்னாலும் கிடைக்கிற இடைவெளிதான் காய்கறிக்காலம். தக்காளியை வைகாசியில் நட்டதுதான் உங்கள் முதல் சறுக்கல். அதைக் கார்த்திகைக் கடைசியில், துலாமழை அடங்கியதும் நடுங்கள். மார்கழி, தை பனியில் பூத்து மாசியில் பறிக்கலாம்.

வெண்டை மட்டும் இதற்கு நேர்மாறு. அதை வாட்டுவது மஞ்சள் நரம்பு நோய், அதைப் பரப்புவது வெள்ளை ஈ. வெயில் காலத்தில் வெள்ளை ஈ பெருகும், மழை தொடங்கினால் குறையும். அதனால் இடவப்பாதியின் முதல் மழையோடு, தண்ணீர் நிற்காத உயர்ந்த பாத்தியில் வெண்டை விதைத்தால் ஓணம் வரை சுத்தமான காய் கிடைக்கும். பள்ளத்தில் போட்டால் அழுகும், அதை மறக்க வேண்டாம். பயத்தங்காய்க்கும் இந்த மழை ஒத்துக்கொள்ளும். குருத்தில் கறுப்புப் பேன் அப்பும்போது விடியற்காலையில், இலையில் பனி ஈரம் இருக்கையில், சாம்பலைத் துணியில் முடிந்து தட்டினால் போதும்.

கீரையில் சிவப்புத் தண்டுக்கீரைதான் இங்கே எல்லோருக்கும் ஆசை. மழையில் அதன் இலையில் வெள்ளை வெள்ளையாகப் பொட்டு விழுந்து ஓட்டையாகும். பச்சைக்கீரைக்கு இது அவ்வளவாக வராது. ஒரு வரி சிவப்பு, ஒரு வரி பச்சை என்று மாற்றி விதையுங்கள், நோய் ஓடுவது குறையும். தண்ணீரை மேலிருந்து பீய்ச்சாமல் காலடியில் விடுங்கள்.

இனி தென்னை நிழல். நிழலை ஒரு குறையாக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆறு தென்னைக்கு நடுவில் கிடக்கிற இடம்தான் இந்த ஊர்க்காரர்களுக்கு அரிசிக்கு அடுத்த சோறு போட்ட இடம். தென்னையின் வேலை செய்கிற வேர் பெரும்பாலும் அடிமரத்திலிருந்து இரண்டு மீட்டர் வட்டத்துக்குள் அடங்கும். அந்த வட்டத்தில் கை வைக்காதீர்கள். மற்ற இடம் முழுவதும் உங்களுடையது. எட்டு வயதிலிருந்து இருபத்தைந்து வயது வரையுள்ள தென்னைக்குக் கீழேதான் நிழல் கனமாக இருக்கும். மரம் உயர உயர வெளிச்சம் சாய்ந்து உள்ளே வரும். உங்கள் மரங்கள் பழைய மரங்கள் என்று எழுதியிருப்பதால் கிழங்கு வகை எல்லாமே வரும்: சேனை, காய்ச்சில் என்கிற பெருவள்ளி, சேம்பு, மஞ்சள், இஞ்சி. வெளிச்சம் அதிகம் படுகிற ஓரத்தில் மரச்சீனி, அதாவது மரவள்ளி.

சேனையைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த நிலத்தில் ஒருவர் நட்டு ஏமாறவே முடியாத பயிர் அதுதான். மலையாளத்தில் ஒரு சொல் உண்டு, நம் பக்கத்துப் பெரியவர்களும் சொல்வார்கள்: கும்பத்தில் நட்டால் குடத்தளவு, மீனத்தில் நட்டால் மீன்கண்ணளவு. கும்பம் நம் மாசி, மீனம் பங்குனி. ஒரு மாதம் தாமதித்தால் அவ்வளவு வித்தியாசமா என்று நானும் நினைத்திருக்கிறேன். காரணம் உண்டு. மாசியில் புதைத்த துண்டு கோடைமழைச் சாரலில் வேர்விட்டு, இடவப்பாதி கொட்டும்போது குடையை விரித்து நிற்கும். பங்குனியில் நட்டது மழை வந்த பிறகுதான் முளையே விடும், கிழங்கு பெருக்க அதற்குக் காலம் போதாது.

விதைக்கிழங்கை மேலிருந்து கீழாக, கேக் வெட்டுவது போல வெட்ட வேண்டும். நடுவில் மோதிரம் போல ஒரு வட்டம் தெரிகிறதே, அதுதான் முளைக்கண். ஒவ்வொரு துண்டிலும் அதில் ஒரு பங்கு கட்டாயம் இருக்கவேண்டும். வீட்டுத் தேவைக்கு முக்கால் கிலோ துண்டு போதும், சந்தைக்கு என்றால் ஒரு கிலோ. வெட்டுவாயைச் சாணக்கரைசலில் முக்கி நிழலில் உலர்த்துங்கள். இரண்டடி நீள அகலத்தில், ஒன்றரை அடி ஆழத்தில் குழி. குழிக்குக் குழி மூன்றடி. மேல்மண், இரண்டு கிலோ மக்கிய சாணம், ஒரு சிரட்டைச் சாம்பல் போட்டு முக்கால்வாசி நிரப்பி, துண்டை வைத்து மூடி, மேலே சருகை நிறையக் குவியுங்கள். அந்தச் சருகுதான் கோடையில் அதைக் காப்பாற்றும். எட்டு ஒன்பது மாதத்தில் இலை மஞ்சளித்துத் தண்டு சாயும்போது தோண்டலாம். நாக்கு அரிக்கிறது என்று பயப்படுபவர்கள் கஜேந்திரா ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். ஆந்திராவின் கொவ்வூர் பக்கத்திலிருந்து வந்த ரகம், அரிப்பு மிகக் குறைவு. நாட்டுச் சேனையென்றால் புளித்தண்ணீரில் வேகவைத்தால் போதும்.

மரச்சீனியில் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். விசாகம் திருநாள் மகாராஜா காலத்தில், 1880களில், திருவிதாங்கூரில் பஞ்சத்துக்கு மாற்றாக ஊக்குவிக்கப்பட்ட பயிர் இது. இந்த மண்ணின் புளிப்பையும் அது பொருட்படுத்தாது. கம்பின் நுனியையும் அடியையும் விட்டு நடுப்பகுதியில் ஒரு சாண் துண்டு எடுத்து, கூட்டின மண்மேட்டில் நட்டக்குத்தலாக ஊன்றி, எதிரெதிராக இரண்டு முளையை மட்டும் விடுங்கள். இலை சுருங்கித் தேமல் விழுந்த செடியிலிருந்து கம்பு எடுக்கவே கூடாது. தேமல் நோய் கம்பிலேயே அடுத்த வருடத்துக்கும் வரும். கிழங்கை நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டுங்கள். பச்சை இலையை ஆட்டுக்குப் போட்டுவிடாதீர்கள், அதில் விஷம் உண்டு.

வாழையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இந்த ஊரில் வீடு கட்டி வாழை இல்லாமல் எப்படி? வெயில் படுகிற தெற்கு ஓரத்தில் ஏத்தன் நான்கு, மட்டி இரண்டு வையுங்கள். தென்னை நிழல் கொஞ்சம் விழுகிற இடத்தில் பாளையங்கோட்டான் தாங்கும், ஏத்தன் தாங்காது. நேந்திரன் என்று நீங்கள் கடையில் பார்ப்பதுதான் ஏத்தன். பத்துப் பதினொரு மாதப் பயிர். புரட்டாசி, ஐப்பசியில் நட்டால் அடுத்த ஓணத்துக்குக் குலை வெட்டலாம். மட்டி இந்த மாவட்டத்தின் சொந்தப் பழம், 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. குழந்தைக்கு முதலில் கொடுக்கிற பழம் எங்கள் வீடுகளில் அதுதான். பழுத்தால் வீடு முழுக்க மணக்கும். சந்தையில் வாங்குவதைவிட மரத்தில் முற்றவிட்டு நீங்களே பழுக்க வைத்துத் தின்று பாருங்கள்.

வாழையில் எல்லாமே கன்றில்தான் இருக்கிறது. ஈட்டி போல ஒடுங்கிய இலையுள்ள கன்று நல்லது, அகன்ற இலை விரித்த நீர்க்கன்று வேண்டாம். ஒரு வருடம் தெருவில் கொண்டுவந்து விற்றவரிடம் பார்க்காமல் வாங்கி, பத்தில் ஆறு வாழை குலை தள்ளும் நேரத்தில் ஒடிந்து விழுந்தன. பிளந்து பார்த்தால் உள்ளே சல்லடை. அதற்குப் பிறகு கன்றின் கிழங்கை வேர் நீக்கி, தோல் போல மெல்லிசாகச் சீவிப் பார்க்காமல் நான் நடுவதில்லை. சீவும்போது பழுப்புத் துளையோ சுரங்கமோ தென்பட்டால் தூக்கிப் போடுங்கள். சுத்தமான கிழங்கைச் சாணமும் சாம்பலும் கரைத்த குழம்பில் முக்கி மூன்று நாள் வெயிலில் காயவைத்துவிட்டு நடுங்கள்.

நட்ட ஐந்தாம் மாதத்திலிருந்து வாரம் ஒருமுறை தண்டைச் சுற்றிவந்து பாருங்கள். பட்டையில் சின்னத் துளையும், அதிலிருந்து கோந்து மாதிரி ஒழுகுவதும் தெரிந்தால் தண்டுவண்டு உள்ளே இருக்கிறது. காய்ந்த சருகையும் பழைய மட்டையையும் அறுத்துத் தண்டைச் சுத்தமாக வைத்தாலே பாதி வண்டு வராது. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, 1963இல் தொடங்கியது. மரச்சீனி இலையிலிருந்து நன்மா, மென்மா என்று இரண்டு மருந்து அவர்கள் செய்திருக்கிறார்கள், வாழை வண்டுக்கென்றே. நமக்குப் பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். கிழங்கு விதையைப் பற்றியும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.

இப்போது உங்கள் பாகல். உள்ளே புழு வைப்பது பழ ஈ. காய் சுண்டுவிரல் அளவில் இருக்கும்போதே தோலைக் குத்தி முட்டையிட்டுப் போய்விடும். நீங்கள் காய் மஞ்சளித்த பிறகு பார்க்கிறீர்கள், அதற்குள் வேலை முடிந்திருக்கும். அப்போது மருந்தடித்துப் பயனில்லை, மருந்தைத் தின்பது நீங்கள்தான். பூ வாடி விழுந்த இரண்டாம் நாளே காகிதப் பையோ பழைய சேலைத்துணிப் பையோ போட்டுக் கட்டிவிடுங்கள். வீட்டுக்கு இரண்டு கொடி என்றால் இது பெரிய வேலை அல்ல. கெட்ட காய் ஒன்றுகூடப் பந்தலிலோ தரையிலோ கிடக்கக்கூடாது. புழு காயிலிருந்து மண்ணில் குதித்து, மேல்மண்ணுக்குள்ளேயே கூட்டுப்புழுவாகி, சில நாளில் ஈயாகித் திரும்ப வரும். கெட்ட காயைப் பொறுக்கி வாளித் தண்ணீரில் இரண்டு நாள் மூழ்கடித்துவிட்டு அப்புறம் குப்பைக்குழியில் போடுங்கள். பந்தலுக்குக் கீழ் மண்ணை அடிக்கடி கிளறிவிட்டால் கோழியும் மைனாவும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். கடையில் க்யூலூர் என்கிற, ஈயை வாசனையால் இழுக்கும் பொறி கிடைக்கும், பூ தொடங்கும்போதே ஒன்று தொங்கவிடலாம். ஆனால் அது ஆண் ஈயை மட்டும்தான் பிடிக்கும், பை கட்டுவதை அதற்காக நிறுத்தக்கூடாது.

குப்பைக்குழி என்றதும் ஞாபகம் வருகிறது. சாணத்தைத் திறந்தவெளியில் குவித்து வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். தென்னையைத் துளைக்கிற காண்டாமிருக வண்டு முட்டையிடுவது அங்கேதான். இன்றே கிளறிப் பாருங்கள். கட்டைவிரல் தடிமனில், வெள்ளையாக, வளைந்து கிடக்கிற புழு இருந்தால் பொறுக்கி எடுங்கள். மலையாளத்தில் பெருவலம் என்கிற வேலியோரச் செடியைப் பிடுங்கிச் சாணத்தோடு கலந்து போட்டால் அந்தப் புழு பெருகாது. இதைத் தென்னை ஆராய்ச்சிக்காரர்களே சொல்கிறார்கள்.

பழமரத்துக்கு உங்களிடம் மிச்சமிருக்கிற இடம் குறைவு. வருக்கைச் சக்கை, அதாவது வருக்கைப் பலா, ஒன்று வேண்டுமென்றால் ஒட்டுக்கன்றாக வாங்கி, நிழல் பக்கத்து வீட்டுக்காரர் மேல் விழாத மூலையில் வையுங்கள். ரம்புட்டான் வைக்கிற ஆசை இப்போது எல்லோருக்கும் இருக்கிறது. விதைக்கன்று வாங்காதீர்கள், அது ஆண் மரமாகப் போக வாய்ப்புண்டு. ஒட்டுக்கன்று மட்டும். பப்பாளியை மேட்டில் வையுங்கள், இரண்டு நாள் தண்ணீர் நின்றால் போய்விடும். நல்லமிளகு ஒரு கொடி கட்டாயம் வேண்டும். வேலியில் சீமைக்கொன்றை (கிளைரிசிடியா) ஊன்றி அதில் ஏற்றினால், தேங்காய் வெட்டுபவருக்கு இடைஞ்சல் இல்லை, தழையும் உரமாகும். வெளிச்சம் நன்றாக உள்ள இடத்துக்குப் பன்னியூர் 1, நிழலுக்குக் கரிமுண்டா. கொடி ஊன்ற வேண்டியது திருவாதிரை ஞாற்றுவேலையில், அதாவது ஜூன் 22இலிருந்து இரண்டு வாரம். வெயிலும் மழையும் மாறி மாறி வருகிற அந்த நாட்களில் ஊன்றிய கம்பு பிடிக்காமல் போனதை நான் அதிகம் பார்த்ததில்லை. இந்த வருடத்துக்கு அது தாண்டிவிட்டது, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது ஆவணி. இந்த வாரம் மண் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். புரட்டாசி முதல் மழையில் சுண்ணாம்பு, மாதக் கடைசியில் சாணம், அதோடு ஏத்தன் கன்று. துலாமழை இடியோடு வருவதற்குள் பாத்திகளை ஒரு சாண் உயர்த்திவிடுங்கள். தேங்காய்க் கதம்பையை, அதாவது உரித்த மட்டையை, வீணாக்காமல், பாத்திக்கு நடுவில் நீளக்குழி வெட்டி, குழிந்த பக்கம் மேலே பார்க்கும்படி இரண்டு அடுக்கு அடுக்கி மண் மூடுங்கள். மழைநீரைக் குடித்து வைத்திருந்து பங்குனி வரை கொடுக்கும், ஐந்தாறு வருடம் தாங்கும். கார்த்திகையில் அனகா தக்காளி. மாசி பிறந்ததும் சேனை வெட்ட உட்காருங்கள். விதைக்கிழங்கு வெளியே வாங்க வேண்டாம், தை மாதம் ஒரு நடை இங்கே வந்தால் என் சேனையிலிருந்தே நாலு துண்டு தருகிறேன்.